நானூற்றுப் பன்னிரண்டு கதியால்

நெடுங்கேணி
12.09.2024

அன்பின் தம்பி ராஜரத்தினத்துக்கு,

நான் சுகம். நீயும் கௌசலாவும் சுகமாயிருக்க வேண்டும்.

ஒரு மாரிக்கு, ஏழாம் வகுப்பில் யன்னலோரம் இருந்த பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது. "ரீச்சர், மழை மேலயிருந்து விழேக்க வெள்ளையாத்தானே விழுது, வாய்க்காலுக்க மட்டும் ஏன் பால்தேத்தண்ணி மாதிரிப் போகுது?" நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். மண்ணரிப்பு என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டது. அந்த மண் யாருடையது, எங்கே போய்ச் சேருகிறது என்று அதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று கேட்டால், என் தம்பியின் மண், என் கிணற்றுக்குள் போகிறது என்பேன்.

போன ஞாயிறு நீ தொலைபேசியில் கத்தினாய். "இனிக் கதைக்கிறதெண்டால் எழுத்தில கதையுங்கோ, லோயர் அப்பிடித்தான் சொன்னவர்" என்று வைத்தும் விட்டாய். முப்பத்துநாலு வருடம் படிப்பித்தவளுக்கு எழுதுவது ஒரு தண்டனையா? எழுதுகிறேன்.

அப்பா மேட்டுக்காணி மூன்று ஏக்கரை உனக்கு எழுதினார். அதற்குக் கீழே உள்ள வயல் இரண்டு ஏக்கரும் கிணறும் என்னுடைய சீதனம். பற்றை வளர்ந்தால் காடென்று வன இலாகா எடுத்துப்போடும் என்று யாரோ சொன்ன கதையைக் கேட்டு, நீ ஒவ்வொரு புரட்டாதியும் நல்லதம்பியின் உழவு இயந்திரத்தை விட்டு உன் காணியை வழித்துத் துடைக்கிறாய். விதைப்பதும் இல்லை. அடுத்த மாதம் மழை வந்து வெறும் மண்ணில் விழுகிறது. மொட்டைத் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் எங்கே நிற்கும்? முடி இருந்தால் பாதியாவது நிற்கும். போன மாரியில் என் கிணற்றில் இரண்டு முழம் சேறு. உன் காணியின் மேல்பக்கத்தில் மண் போய்க் கிறவல்கல் தெரிகிறது.

அதனால்தான் ஆவணியில் பெய்த மழை ஈரத்தில், உன் காணியில் சரிவுக்குக் குறுக்கே மூன்று வரிசை நட்டேன். வேலிக்கு ஊன்றுகிற அதே சீமைக்கிளுவைத் தடிகள், கதியால்தான். முழத்துக்கு ஒன்று, அடியில் கல்லும் குழையும் அடைத்திருக்கிறேன். ஓடிவரும் தண்ணீர் அதில் முட்டி மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும் இடத்தில் மண்ணை இறக்கி வைத்துவிட்டுப் போகும். அவ்வளவுதான் வித்தை.

நடுமுன் உன்னிடம் கேட்டேன். "பாப்பம்" என்றாய். அதை ஓம் என்று எடுத்தது என் பிழை. ஆனால் இந்த மாரி முடியும்வரை அவற்றில் கை வைக்காதே. இன்னொரு மாரியை என் கிணறு தாங்காது.

அன்புடன்,
அக்கா பத்மாசனி

*

வெள்ளவத்தை
21.09.2024
பதிவுத் தபால்

அக்காவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. இங்கு எல்லோரும் சுகம்.

நல்லதம்பி அனுப்பிய படத்தை எங்கள் சட்டத்தரணிக்குக் காட்டினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "மூண்டு வேலி போட்டிருக்கினம், நீர் என்ன பார்த்துக்கொண்டிருந்தனீர்?" என்பதுதான். மண்ணரிப்புப் பாடத்தை நீங்கள் அவருக்கும் எடுக்கலாம். கதியால் நட்டால் அது வேலி. யாழ்ப்பாணத்தில் அரை அடி வேலிக்காகப் பெரியப்பா பதினாறு வருடம் கோடேறி வழக்காடியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று மூன்று வரிசை. பத்து வருடம் போனால் ஆட்சியுரிமை. அப்போது நான் உயிரோடு இருப்பேனோ தெரியாது, என் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து கேட்டால் "இது அத்தை நட்ட வேலி" என்று ஊரே சாட்சி சொல்லும்.

காணி துப்புரவாக இருக்க வேண்டும். அது என் விருப்பம். இரண்டு கிழமைக்குள் நீங்களே பிடுங்குங்கள். இல்லாவிட்டால் பிடுங்குவிக்கப்படும்.

இப்படிக்கு,
சி. ராஜரத்தினம்

*

நெடுங்கேணி
28.09.2024

அன்பின் தம்பி,

சுகம். கௌசலாவுக்கு முழங்கால் நோ எப்படி? எழுதவில்லையே.

வேலி எல்லையில் போடுவது. எந்த மடைச்சி நடுக்காணியில், அதுவும் தண்ணீர் மட்டம் பார்த்து வளைத்து வளைத்து வேலி போடுவாள்? பெரியப்பாவின் வேலி கயிறு பிடித்து நேராகப் போட்டது. என்னுடையது பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. உன் சட்டத்தரணிக்குப் படத்தைத் திருப்பிக் காட்டு.

இன்னொன்று. நல்லதம்பி மேலிருந்து கீழாகத்தான் உழுகிறான். குறுக்கே உழுதால் அடிக்கடி திருப்ப வேண்டும், டீசல் போகும் என்கிறான். தகரக் கூரையைப் பார். அதன் பள்ளங்கள் மேலிருந்து கீழே ஏன் இறங்குகின்றன? தண்ணீர் கெதியாய் ஓடவேண்டும் என்பதற்காக. உன் காணியை அவன் தகரமாக்கி வைத்திருக்கிறான். அந்தத் தகரத்துத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் பீலி என் கிணறு.

புதன்கிழமை ஒரு சின்ன மழை. உன் காணியின் கீழ் மூலையில் ஓடிவந்த தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்தேன். கொழும்பு பஸ்ஸில் நாளைக்கு அனுப்புகிறேன். மேசையில் ஒரு இரவு வைத்துப் பார். நான் எழுதுவதை நம்பாவிட்டாலும் கண்ணை நம்புவாய்.

கோபம் இருக்கட்டும், கதியாலும் இருக்கட்டும்.

அக்கா

*

வெள்ளவத்தை
04.10.2024
பதிவுத் தபால்

திருமதி பத்மாசனி அவர்களுக்கு,

உங்கள் பொதி கிடைத்தது. வாய்க்குச் சிவப்புத் துணி கட்டி, நூலால் மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு போத்தல். உள்ளே என் காணி மண். அதைக் கௌசலாதான் பிரித்தாள்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. "உங்கட அக்கா படிச்சவா எண்டு நினைச்சன். வளவு மண் எடுத்துச் சிவப்புத் துணியில கட்டி அனுப்பிறது என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியாதே?" என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. போத்தலை நானே கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று.

செய்வினை வைத்துக் காணி பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவளோடு நான் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

நல்லதம்பிக்கு அறிவித்துவிட்டேன். வருகிற கிழமை பிடுங்குவான். தடுத்தால் பொலிசில் முறைப்பாடு போடப்படும்.

சி. ராஜரத்தினம்

*

நெடுங்கேணி
11.10.2024

தம்பி,

போத்தல் மூடி தொலைந்துவிட்டது. கையில் அகப்பட்ட துணி சிவப்பு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு இல்லக் கொடி தைத்து மிஞ்சியது. கௌசலாவுக்குச் சொல், செய்வினை தெரிந்திருந்தால் முதலில் நல்லதம்பியின் மெசினுக்குத்தான் வைத்திருப்பேன்.

நேற்று அவன் வந்தான். காலை எட்டு மணி. மெசினை வீதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ரீச்சர், என்னில கோவிக்காதேங்கோ. காணிக்காரர் சொன்னால் நான் என்ன செய்யிறது?"

"படம் எடுத்து அனுப்பேக்க உன்ர மெசினுக்கு டீசல் முடியேல்லயோ?"

"சும்மா அனுப்பினனான் ரீச்சர். வடிவாயிருந்தது எண்டு அனுப்பினனான். இவர் இப்பிடித் துள்ளுவார் எண்டு ஆர் கண்டது?"

"சரி, பிடுங்கு. ஆனால் எண்ணிப் பிடுங்கு. நானூற்றுப் பன்னிரண்டு. ஒண்டு விட்டாலும் அவருக்கு அது வேலி."

அவன் பிடுங்க, நான் எண்ணினேன். இருநூறைத் தாண்டியதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிலது அடியில் வெள்ளையாய் வேர் வைத்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் சரி. உன் காணி இப்போது துப்புரவு. அன்று பின்னேரமே அவன் அதை மேலிருந்து கீழாக உழுதும் தந்தான்.

பிடுங்கிய கதியாலில் உயிர் இருந்தவற்றை என் வயலின் மேல்வரம்பில், என் எல்லைக்கு உள்ளே நட்டிருக்கிறேன். வேண்டுமானால் ஆள்விட்டு அளந்து பார்.

நீ எழுதும்வரை இனி நான் எழுத மாட்டேன். மாத்திரையை ஒழுங்காகப் போடு.

பத்மாசனி

*

வெள்ளவத்தை
12.12.2024
பதிவுத் தபால்

திருமதி பத்மாசனி அவர்களுக்கு,

அந்தப் பக்கம் கடும் மழை என்று செய்தியில் பார்த்தேன். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு தேவைக்காகக் காணியை அளக்க நில அளவையாளர் ஒருவரைத் திங்கட்கிழமை அனுப்பினேன். உங்கள் பக்கத்து எல்லையில் அப்பா காலத்தில் நட்ட கல் அந்த இடத்தில் இல்லை என்று அறிவித்திருக்கிறார். இரண்டு ஆள் தூக்கும் கல். தானாக நடந்து போகாது.

ஒக்ரோபரில் என்னை அளந்து பார்க்கச் சொன்னது நீங்கள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கல் எங்கே? எழுத்தில் பதில் தேவை.

சி. ராஜரத்தினம்

*

நெடுங்கேணி
19.12.2024

தம்பி,

சுகம்.

உன் கல் என் வயலுக்குள் கிடக்கிறது. நான் தொடவில்லை. தொட்டிருந்தால் நான்தான் நகர்த்தினேன் என்பாய். வந்து எடு.

பத்மாசனி

*

நெடுங்கேணி
03.01.2025

ரத்தினம் அண்ணைக்கு நல்லதம்பி எழுதுறது,

இஞ்ச எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாயிருக்கக் கடவுளைக் கும்பிடுறன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஃபோனில சொன்னால் நீங்கள் முழுக்கக் கேக்க மாட்டியள், அதால எழுதுறன்.

கல்லை ரீச்சர் எடுக்கேல்லை. நவம்பர் கடைசியில மூண்டு நாள் விடாமப் பெய்தது. ரெண்டாம் நாள் நான் மெசினை மேட்டில ஏத்திவிட வந்து உங்கட காணியைப் பாத்தன். நான் உழுத கோடெல்லாம் ஒவ்வொரு வாய்க்கால். எல்லாம் வந்து உங்கட எல்லைக்கல்லடியில ஒண்டாச் சேந்து, கல்லுக்குக் கீழ அரிச்சு, கல்லைப் புரட்டிக்கொண்டு போச்சுது. என்ர கண்ணால கண்டனான். இப்ப அந்த இடத்தில ஒரு கிடங்கு, இறங்கி நிண்டால் எனக்கு இடுப்பளவு. மேல்பக்கம் கிறவல்தான். அதில இனிக் கச்சான் கடலையும் வராது.

ரீச்சர் தன்ர கிணத்தைப் பற்றி எழுதியிருக்க மாட்டா எண்டு எனக்குத் தெரியும். கிணறு இல்லை, அண்ணை. கட்டுவரைக்கும் சேறு. நெல்லு ஒரு ஏக்கர் சேத்துக்கு அடியில. அவா சைக்கிளில ரெண்டு கான் கட்டி எங்கட வீட்டுக் குழாயில தண்ணி எடுத்துக்கொண்டு போறா. நான் மெசினில கொண்டந்து தாறன் எண்டன். "நீ உன்ர காணிக்காரரைக் கேட்டிட்டு வா" எண்டா.

இன்னொண்டு. அவா தன்ர வரம்பில நட்ட கதியாலில முக்காவாசி அள்ளுண்டு போச்சுது. நட்டு ஒண்டரை மாசம்தானே. ஆனால் கிழக்கு மூலையில இருவது முப்பது நிண்டிட்டுது. அந்த மூலையில மட்டும் மண் முழங்காலளவுக்கு ஏறி நிக்குது. உங்கட கல்லும் அதிலதான் முட்டிக்கொண்டு நிக்குது. அந்த இருவதும் இல்லாட்டி கல்லைக் கீழ இருக்கிற குளத்திலதான் தேடியிருக்க வேணும்.

பிடுங்கினது என்ர கை. அந்தப் படத்தை அனுப்பினதும் நான்தான். இனி உங்கட காணியைக் குறுக்கதான் உழுவன். விருப்பமில்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ.

நல்லதம்பி

*

வெள்ளவத்தை
25.01.2025

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தை நல்லதம்பியின் கடிதத்தில் அறிந்தேன். மூன்று கிழமையாக எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். கல்லைப் பற்றி எழுதிய அதே தாளில் இடம் இருந்தது.

நானும் ஒன்றை எழுதவில்லை. காணியை விற்கத்தான் அளக்க ஆள் அனுப்பினேன். துப்புரவான காணி கெதியாய் விலைபோகும் என்றார்கள். வாங்க வந்தவர் தை முதலாம் திகதி காணியைப் பார்த்திருக்கிறார். அந்தக் கிடங்கின் கரையில் நின்று எனக்குப் படம் அனுப்பினார். படத்தின் கீழே "இது காணியா, குளமா?" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

இத்துடன் ஒரு கடிதம் இணைத்திருக்கிறேன். என் காணிக்குள் நீங்கள் விரும்பிய இடத்தில் விரும்பிய அளவு கதியால் நடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையொப்பம் வைத்திருக்கிறேன். இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காட்டவில்லை. ஒரு சாட்சி கௌசலா.

தம்பி

*

நெடுங்கேணி
09.02.2025

அன்பின் தம்பிக்கு,

சுகம். நீயும் கௌசலாவும் சுகமாயிருங்கள். அவளுடைய கையெழுத்து வடிவாக இருக்கிறது. முழங்கால் நோவை மட்டும் இரண்டு பேரும் கடைசிவரை எழுதவே இல்லை.

உன் அனுமதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் நட மாட்டேன்.

கோபம் என்று நினைப்பாய். ஓம், கோபம்தான். நான்கு மாதமாய்க் கள்ளி என்று பெயர் கேட்டவள் இன்று ஒரு தாளைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? என் வகுப்பில் ஒரு பிள்ளையின் கணக்கை நான் செய்து கொடுத்ததே இல்லை. பிழையென்றால் அழித்துவிட்டுத் திரும்பச் செய் என்பேன். அழுதாலும் அதுதான்.

அதோடு, நான் நட்டால் அது அத்தை நட்ட வேலி. நீயே எழுதியிருக்கிறாய். உன் கையால் நட்டால் உன் மகன் வந்து கேட்கும்போது யாரும் ஒரு கதையும் சொல்ல முடியாது.

கிணற்றை நல்லதம்பியும் அயலில் நாலு பேரும் ஆறு நாள் நின்று இறைத்துத் தூர் எடுத்தார்கள். தண்ணீர் இன்னும் கலங்கல், ஆனாலும் ஊறுகிறது. எடுத்த சேறு கரையில் காய்ந்து குவிந்திருக்கிறது. தோண்டிப் பார்த்தால் கறுத்த, நல்ல மேல்மண். நல்லதம்பி என் வாழைக்குப் போடட்டோ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது உன் மண். உன் கல்லைப் போல அதையும் நான் தொட மாட்டேன். வந்து அள்ளிக்கொண்டு போ. முதல் பெட்டியை அந்தக் கிடங்குக்குள் கொட்டு.

பொய் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். அந்தக் கிடங்கு ஒரு வருடத்தில் மூடாது. கிறவல் தெரிகிற இடத்தில் உன் ஆயுளில் கச்சான் வருமோ தெரியாது. வரிசைகள் நின்றால், இருக்கிற மண் மிஞ்சும். அதற்கு மேல் என்னால் வாக்குத் தர முடியாது.

சித்திரையில் இரண்டு மூன்று மழை பெய்யும், அதற்கு வா. கதியால் வெட்டி நிழலில் வைத்திருப்பேன், நானூற்றுப் பன்னிரண்டு. வளைவுக்கு நானே குறி வைத்துத் தருவேன். ஊன்றுவது நீ. அடியில் கல் அடைப்பது நீ. குனிய ஏலாவிட்டால் குந்தியிருந்து நடு. கௌசலாவையும் கூட்டிக்கொண்டு வா, ஒரு கதிரை போட்டு வைக்கிறேன், பிழையாய் நட்டால் அவள் சொல்லட்டும்.

வரும்போது ஒரு வெறும் போத்தல் கொண்டு வா. மூடியோடு. இந்த முறை நான் பிடித்துத் தர மாட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும்போதே உன் காணியின் கீழ் மூலையில் போய் நில், ஓடிவரும் தண்ணீரைப் போத்தல் நிறையப் பிடி, ஒரு இரவு ஆடாமல் வை, விடிந்ததும் அடியில் எத்தனை விரல் மண் இருக்கிறதென்று விரலை வைத்துப் பார்.

அக்கா